தொண்ணூற்றொன்று பகா எண்ணாம்!

நேற்று ராத்திரி பையனின் டியூஷன் தாளைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. 91 = 7 × 13 என்று எழுதியிருக்கிறான். அதன் மேல் தாள் கிழிகிற மாதிரி சிவப்பில் ஒரு அடி. பக்கத்தில் 'பிரைம்' என்று திருத்தம். அதாவது பகா எண், 1ஐயும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். அதை ஐந்து தரம் எழுதிவரச் சொல்லி, இவனும் எழுதி முடித்துவிட்டான்!

"வாய்ப்பாட்டை நீ 12 வரைக்கும்தானே படிச்சே, 13 எப்படிடா வந்துச்சு?"

"வகுத்தேம்மா. பத்து ஏழு 70. மீதி 21. அது மூணு ஏழு."

"அப்புறம் எப்படி பிரைம்?"

"மிஸ் குடுத்த லிஸ்ட்ல இருக்கு."

கொண்டைக்கடலை டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தேன். 91 எண்ணி எடுத்து, வரிசைக்கு ஏழாக அடுக்கச் சொன்னேன். பதிமூன்று வரிசை. ஒன்றுகூட மிஞ்சவில்லை. குனிந்து மேசைக்கடியிலும் பார்த்தான், ஏதாவது உருண்டு போயிருக்குமோ என்று. நிமிர்ந்து, "ஆனா மிஸ் அப்படித்தானேம்மா சொன்னாங்க" என்றான். என் வயிறு எரிந்துபோனது. கண்ணெதிரே கிடக்கிற கடலையை நம்ப மாட்டேன் என்கிறதே பிள்ளை!

100க்குள் இருக்கிற 25 பகா எண்களையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறான். எதற்கு? 11 × 11 = 121 ஆகிவிடுவதால், 100க்குள் இரண்டு எண்களைப் பெருக்கி வருகிற எதிலும் ஒன்று 11ஐவிடச் சிறியதாகத்தான் இருக்கும். அதனால் 100 வரைக்கும் 2, 3, 5, 7 என்று நான்கு பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். 2க்கும் 5க்கும் கடைசி இலக்கம் சொல்லிவிடும். 3க்கு இலக்கங்களைக் கூட்டினால் தெரிந்துவிடும். இந்த மூன்றுக்கும் தப்பி, ஏழிடம் மட்டும் மாட்டுகிற எண்கள் மூன்றே மூன்று: 49, 77, 91. முதல் இரண்டும் வாய்ப்பாட்டிலேயே வந்துவிடும். உட்கார்ந்து வகுக்க வேண்டியது இந்த 91ஐ மட்டும்தான். வகுத்த பிள்ளைக்குச் சிவப்பு மை!

இந்த மொரீஷியஸில் ஆறாம் வகுப்பு முடிவில் பி.எஸ்.ஏ.சி. என்கிற தொடக்கப்பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு என்றாலே நமக்கெல்லாம் கைகால் ஓடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை, வாயில் போட்ட ரொட்டி இறங்குமுன் டியூஷனுக்குத் துரத்துகிறோம். வீட்டில் கிரியோல், கணக்குத் தாளில் இங்கிலீஷ். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை தானாக யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தால் தட்டிக்கொடுக்க வேண்டாமா?

நாளைக்கு நேரில் போய்க் கேட்கத்தான் போகிறேன். டியூஷனில் கொடுக்கிற மங்கலான ஜெராக்ஸ் தாளைப் பற்றியும் சேர்த்துக் கேட்பேன். 3 எது, 8 எது என்று எனக்கே தெரியவில்லை, அதற்கும் தனியாகக் காசு வாங்குகிறார்கள்.