டோக்கியோ பதக்கம் முழுத் தங்கமா?

"டோக்கியோ ஒலிம்பிக்கின் தங்கப் பதக்கங்கள் எல்லாம் பழைய செல்போன்களிலிருந்து எடுத்த சுத்தத் தங்கம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி சரி, பாதி தவறு. மின்னணுக் கழிவிலிருந்து கிடைத்த உலோகம் என்பது உண்மை. சுத்தத் தங்கம் என்பது பொய்.

அந்தப் பதக்கம் சுமார் 556 கிராம், அதில் தங்கம் ஏறக்குறைய 6 கிராம், அதுவும் மேல்பூச்சாக, உள்ளே இருப்பது முழுக்க வெள்ளி. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். 2017 ஏப்ரலிலிருந்து 2019 மார்ச் வரை ஜப்பானில் சுமார் 79,000 டன் சிறு மின்னணுக் கருவிகளையும் 62 லட்சம் செல்போன்களையும் திரட்டி பதக்கங்களுக்காக எடுத்த தங்கமே 32 கிலோதான் (வெள்ளி 3,500 கிலோ, வெண்கலம் 2,200 கிலோ). 339 போட்டிகளுக்குத் தலா ஒரு பதக்கம் என்று வைத்துக்கொண்டாலும் சுத்தத் தங்கத்துக்கு 188 கிலோ வேண்டும், குழுப் போட்டிகளையும் பாராலிம்பிக்கையும் சேர்க்காமலே! ஒலிம்பிக்கில் முழுத் தங்கத்தில் பதக்கம் கொடுத்தது கடைசியாக 1912இல், ஸ்டாக்ஹோமில்.

அருங்காட்சியகத்திலோ அறிவியல் கண்காட்சியிலோ இதை வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து பதக்கத்தின் குறுக்குவெட்டைக் காட்டுங்கள், பக்கத்திலேயே 6 கிராம் தங்கத்தைத் தனியாக வையுங்கள். அப்புறம், தங்கம் எடுப்பதற்காக வீட்டில் அமிலம் ஊற்றிப் பழைய செல்போனின் சர்க்யூட் போர்டைக் கரைத்துப் பார்க்கத் தூண்டும் எந்த வரியும் விளக்கப் பலகையில் வேண்டாம், அந்தப் புகை நுரையீரலைக் கெடுத்துவிடும்.