புல் முளைத்தால் மண் தேறிவிட்டதா?

கைவிட்ட வயலில் பச்சை தலைகாட்டினால் போதும், நிலம் தேறிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். மனிதன் விலகிக்கொண்டால் இயற்கை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்று சுற்றுச்சூழலில் அக்கறையுள்ள நண்பர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆறுதலான நம்பிக்கைதான். ஆனால் கைவிடப்பட்ட வயல்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது வேறு.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே, சீடர் க்ரீக் என்ற ஆய்வு நிலம் இருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. மணற்பாங்கான மண். குடியேறி வந்த உழவர்கள் அங்கிருந்த ஆதிப் புல்வெளியை உழுது பயிரிட்டார்கள். ஒவ்வொரு வயலாக வெவ்வேறு காலங்களில் கைவிடப்பட்டது. எந்த வயலில் எந்த ஆண்டு உழவு நின்றது என்பதற்குப் பதிவு இருக்கிறது. ஒருபோதும் கலப்பை படாத நிலத் துண்டுகளும் பக்கத்திலேயே மிஞ்சியிருக்கின்றன. ஓர் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

ஃபாரஸ்ட் இஸ்பெல், டேவிட் டில்மன் உள்ளிட்ட சூழலியலாளர்கள் அங்கே 21 நிலங்களில் 37 ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த தாவரக் கணக்கெடுப்பின் முடிவுகள் 2019இல் வெளிவந்தன. உழவு நின்று 91 ஆண்டுகள் ஆன பிறகும், உழப்படாத நிலத்தோடு ஒப்பிட்டால் தாவர வகைகளின் வளம் 73 விழுக்காடுதான் திரும்பியிருந்தது. தாவர விளைதிறன், அதாவது ஆண்டுதோறும் வளரும் தாவரப் பொருளின் அளவு, 53 விழுக்காடு. அந்த வயல்களில் உழவை நிறுத்தியவரின் பேரன் கிழவனாகிவிட்டிருப்பான். நிலம் இன்னும் பாதி வழியில் நிற்கிறது.

ஏன் இப்படி? பதில் மண்ணுக்குள் இருக்கிறது. ஆதிப் புல்வெளியின் உயிர்ப்பொருளில் பெரும்பகுதி தரைக்குக் கீழேதான். ஆழமாக இறங்கும் நார்வேர்கள் ஆண்டுதோறும் ஒரு பகுதி மடிந்து மட்காகின்றன. அந்த மட்கில்தான் கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேமிப்பாக இருக்கின்றன. உழவு அந்தச் சேமிப்பைக் கிளறிக் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் மட்கைத் தின்று கரிமத்தைக் காற்றுக்கு அனுப்பிவிடுகின்றன. வயலைக் கைவிட்டதும் முதலில் வருபவை எளிதில் பரவும் களைகளும் வெளியிலிருந்து வந்த புற்களும். ஆதிப் புல்வெளியின் பல்லாண்டுத் தாவரங்களின் விதைகளோ எளிதில் வந்து சேர்வதில்லை. வேர் இல்லாமல் மட்கு சேராது. மட்கு இல்லாத மணலில் அந்தத் தாவரங்கள் மெதுவாகத்தான் காலூன்றும். இந்தச் சிக்கலிலிருந்து நிலம் தானாக வெளிவருவது அவ்வளவு எளிதல்ல.

டில்மன் 1994இல் தொடங்கிய இன்னொரு பரிசோதனைதான் என்னை அதிகம் கவர்ந்தது. ஒரு நிலத்தின் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, 9 மீட்டருக்கு 9 மீட்டர் அளவில் 168 பாத்திகள் அமைத்தார்கள். சிலவற்றில் ஒரே ஓர் இனம்; மற்றவற்றில் 2, 4, 8, 16 என்று புல்வெளி இனங்களின் கலவை. விதைக்காத இனம் எதுவும் உள்ளே நுழையாதபடி ஆண்டுதோறும் களை பறித்தார்கள். எத்தனை மாணவர்கள் எத்தனை கோடைகள் அந்தப் பாத்திகளில் குனிந்து கிடந்திருப்பார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அறிவியல் என்றால் நமக்குக் கருவிகள்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே பெரும்பகுதி வேலை களை பறிப்பதும் காத்திருப்பதும்தான்.

12 ஆண்டுகள் கழித்து டாரியோ ஃபொர்னாராவும் டில்மனும் மண்ணை எடுத்துப் பார்த்தபோது, ஒரே இனம் வளர்ந்த பாத்திகளைவிட 16 இனங்கள் வளர்ந்த பாத்திகளில் சேர்ந்த கரிமம் 500 விழுக்காடும் தழைச்சத்து 600 விழுக்காடும் அதிகமாக இருந்தன. முக்கியமாக இரண்டு கூட்டாளிகள் சேர்ந்திருந்த இடத்தில் மண் வேகமாக வளம்பெற்றது: கோடையில் தழைக்கும் உயரமான புற்கள் ஒன்று, லூபின் போன்ற பயறு வகைச் செடிகள் மற்றொன்று. பயறுச் செடி வேர்முடிச்சு வழியாகக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. புல் அதைக் கொண்டு அடர்ந்த வேரை ஆழத்துக்கு இறக்குகிறது. அந்தப் புற்களில் ஒன்றான பிக் ப்ளூஸ்டெம் நம் சோளத்தின் தூரத்து உறவுக்காரப் புல். மானாவாரிச் சோளத்துக்குள் தட்டைப்பயறு தூவும் நம் உழவர்களுக்கு இந்தக் கூட்டு புதிதாகத் தோன்றாது.

இதே பரிசோதனையின் 22 ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 2019இல் வந்த கட்டுரையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பல இனங்கள் கலந்த பாத்திகளில் மண்ணில் கரிமம் சேரும் வேகம் முதல் 13 ஆண்டுகளைவிட அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் கூடியிருந்தது. அதாவது சரியான இனங்களைச் சேர்த்துக் கொடுத்தாலும் மண் முழு வேகத்தில் தேறத் தொடங்குவதற்கே பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. மூன்றாண்டு, ஐந்தாண்டு நிதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, முடிவில் படம் எடுத்து அறிக்கை கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் எனக்கு ஆத்திரமூட்டுவது இதனால்தான். மண்ணின் வேலை சூடுபிடிக்கத் தொடங்கும் நேரத்தில் நாம் கணக்கை மூடிவிட்டுக் கிளம்பியிருப்போம்.

தழைச்சத்துதானே குறை, உரத்தைக் கொட்டினால் ஆகாதா என்று கேட்கலாம். அதற்கும் சீடர் க்ரீக்கில் பதில் இருக்கிறது. 1982இல் தொடங்கிய உரப் பரிசோதனையில் அதிக உரம் பெற்ற இடங்களில் சில இனங்கள் மட்டும் கொழுத்து மற்றவற்றை நெரித்துவிட்டன. ஒரு பகுதியில் பத்தாண்டுகளுக்குப் பிறகு உரத்தை நிறுத்தினார்கள். நிறுத்தி இருபது ஆண்டுகள் ஆகியும் அதிக உரம் கண்ட பாத்திகளில் இழந்த வகைகள் திரும்பவில்லை என்று இஸ்பெல் குழு 2013இல் எழுதியது. புல்வெளித் தாவரங்கள் சிக்கனமான மண்ணுக்குப் பழகியவை. திடீரென்று வந்த வளம் அவற்றை விரட்டிவிடுகிறது.

உலக அளவில் பார்த்தாலும் இதே கதைதான். இந்தியச் சூழலியலாளர் ஆஷிஷ் நெர்லேகரும் அமெரிக்காவின் ஜோசஃப் வெல்ட்மனும் ஆறு கண்டங்களில் நடந்த 31 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அழிந்த ஆதிப் புல்வெளி பழைய இன வளத்தை அடையக் குறைந்தது ஒரு நூற்றாண்டு வேண்டும், பெரும்பாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பது அவர்கள் மதிப்பீடு. சராசரியாக 1,400 ஆண்டுகள். பழங்காட்டை வெட்டினால் பதறுகிறோம். அதே வயதுள்ள புல்வெளியில் பொக்லைன் இறங்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நம் மலைகளில் நடந்ததும் இதுதான். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காடுகளுக்கு நடுவே விரிந்திருந்த புல்வெளிகள் யாரோ காட்டை வெட்டியதால் உண்டானவை என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளில் படிந்த மட்கை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் செழித்திருந்ததை 1993இல் காட்டினார்கள். குளிர்கால உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடுவதும் புல்வெளி நிலைத்திருக்க ஒரு காரணம் என்று அண்மை ஆய்வுகள் சொல்கின்றன. அந்த நிலத்தில்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து 1840களில் வந்த சீகை எனும் வாட்டில் மரத்தையும் யூகலிப்டஸையும் முதலில் விறகுக்காகவும், விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கை இழைக் கூழுக்காகவும் அரசே நட்டுப் பரப்பியது. பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று 2018இல் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளிகளில் சுமார் 340 சதுர கிலோமீட்டர் இப்படி அந்நிய மரங்களுக்குப் போயிருக்கிறது. வரையாடும், நீலகிரி நெட்டைக்காலிப் பறவையும், தோடர்களின் எருமைகளும் இழந்த நிலம் அது.

சீகை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் மரம். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்குச் சீகை நாற்றுகள் கம்பளமாக எழுவதை மலையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். வெட்டுவதற்கு ஒப்பந்தம் விடுவதோடு மீட்புப் பணி முடிந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. ஆண்டுதோறும் நாற்றைப் பிடுங்க வேண்டும். மலைப்புற்களின் தூர்களை நாற்றங்காலில் பெருக்கிக் கொண்டுபோய் நட வேண்டும். அதையும் பல ஆண்டுகள் செய்ய வேண்டும்.

தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்று 2022இல் ஒரு கொள்கை வெளியிட்டது. வரவேற்கிறேன். அதே ஆண்டில் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கியது. தெருவோரம், பள்ளி, வயல் வரப்பு, அழிந்த காடு என்று மரம் நட ஆயிரம் இடங்கள் இருக்கின்றன, நானும் நடுகிறேன். புல்வெளியில் மட்டும் ஒரு கன்றும் நடக் கூடாது என்று அந்த இயக்கத்தின் விதிகளில் வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மலையில் பணத்தை எங்கே முதலில் செலவிடுவது என்பதிலும் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. முதிர்ந்த சீகைத் தோப்புகளின் நிழலில் பல இடங்களில் சோலை மரங்களே முளைத்து வருகின்றன. அவற்றை அவசரமாக மொட்டையடிக்க வேண்டியதில்லை. புல்வெளியின் ஓரங்களில் இப்போதுதான் முழங்கால் உயரம் எழுந்திருக்கும் சீகைக் கன்றுகளைத்தான் முதலில் பிடுங்க வேண்டும். அங்கே பழைய புல்லும் அதன் வேரும் அந்த மண்ணும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. செலவும் குறைவு, பலனும் உறுதி. அதன் பிறகு மீட்கப்பட்டதாக அறிவிக்கப்படும் ஒவ்வொரு நிலத்திலும் மண்ணின் கரிமத்தையும் புல் வகைகளையும் குறைந்தது இருபது ஆண்டுகள் அளந்து, அந்தக் கணக்கை யாரும் பார்க்கும்படி வெளியிட வனத்துறை ஏற்பாடு செய்யட்டும். சீடர் க்ரீக்கில் ஒரு பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக இதைச் செய்துவருகிறது. இத்தனை பல்கலைக்கழகங்கள் உள்ள தமிழ்நாட்டால் இது முடியாத காரியம் இல்லை.