பேரூராட்சித் தலைவருக்கு நேரடியாக ஓட்டுப் போடும் உரிமை வேண்டும்

எங்கள் ஊர் பேரூராட்சி. பக்கத்தில் இருப்பது கிராம ஊராட்சி. அங்கே உள்ளவர்கள் இளஞ்சிவப்புச் சீட்டில் முத்திரை குத்தித் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களைவிட மூன்று நான்கு மடங்கு பெரிய ஊரான எங்களுக்கு அந்த உரிமை இல்லை. நாங்கள் வார்டு கவுன்சிலருக்கு மட்டும் ஓட்டுப் போடுகிறோம். தலைவர் யார் என்பதைக் கவுன்சிலர்கள் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். இதை ஏன் யாருமே பெரிய அநியாயமாகப் பேசுவதில்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

முன்பெல்லாம் இப்படியே இருந்ததில்லை. 1996, 2001, 2011 தேர்தல்களில் பேரூராட்சித் தலைவருக்கு மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். 2006-இல் திமுக ஆட்சி அதை மறைமுகத் தேர்தலாக்கியது. 2019 நவம்பரில் அதிமுக ஆட்சி ஓர் அவசரச் சட்டம் போட்டு மறுபடியும் அதையே செய்தது. 2022 தேர்தல் திமுக ஆட்சியில் நடந்தபோதும் அந்த முறை மாறவில்லை. ஆக, இதில் இரண்டு கட்சிக்கும் பொறுப்பு உண்டு.

சின்ன ஊரில் ஓட்டு எப்படி விழுகிறது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எம்.எல்.ஏ. தேர்தலில் கட்சியும் சின்னமும் கூட்டணியும் பேசும். உள்ளாட்சி என்று வந்தால் கணக்கே வேறு. பரம்பரைக் கட்சிக்காரர் வீட்டிலேயே மச்சான் பூட்டு சாவிச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றால் ஓட்டு மச்சானுக்குத்தான். நடுராத்திரியில் பிரசவத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு வந்தவர், சாவு வீட்டில் பந்தல் போட்டதிலிருந்து காடு போய்ச் சேரும் வரை கூடவே நின்றவர், குழாயில் தண்ணீர் வராத அன்று போனை எடுத்தவர் என்று மனிதரைப் பார்த்து விழும் ஓட்டு அது. அதை அறியாமை என்று நகரத்து நண்பர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2022-இல் பேரூராட்சிகளில் 74.68 விழுக்காடு பேர் ஓட்டுப் போட்டார்கள், சென்னை மாநகராட்சியில் 43.59. திருப்பூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள்கூட இந்த ஓட்டுக்கு பஸ் ஏறி வருகிறார்கள்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. எங்களைப் போன்ற ஊர்களில் தெரு என்பதே பெரும்பாலும் சாதிதான். வார்டு எல்லையும் ஏறத்தாழ அதையொட்டியே போகிறது. கவுன்சிலராக ஜெயிக்கத் தன் தெருவும் பங்காளி வீடுகளும் போதும். தலைவருக்கு நேரடித் தேர்தல் இருந்தால் அது போதாது. பதினைந்து வார்டுக்கும் நடந்தே ஆக வேண்டும். காலனி என்று ஊர் இன்னமும் தள்ளிவைத்திருக்கிற பகுதிக்குள் போய்க் கும்பிட்டு, சாக்கடையைப் பற்றியும் சுடுகாட்டுப் பாதையைப் பற்றியும் பதில் சொல்ல வேண்டும். 2011-இல் அப்படி வந்தார்கள். 2022-இல் வரவேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வார்டில் 450 ஓட்டு பதிவாகி நாலு முனைப் போட்டி என்றால், 160 வாங்கியவர்கூட ஜெயித்துவிடலாம். அது நாலைந்து பெரிய குடும்பங்களின் ஓட்டு. அப்படி ஜெயித்த எட்டுப் பேர் சேர்ந்தால் தலைவர் வந்துவிடுவார். எட்டுப் பேரை வளைப்பது சுலபம். வாக்கு ரகசியம் என்பதால், நாம் அனுப்பிய கவுன்சிலர் யாருக்குப் போட்டார் என்று நமக்கே தெரியாது. 2022 மார்ச் 4 அன்று நடந்த மறைமுகத் தேர்தலில், கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய பதவிகளைப் பல ஊர்களில் திமுகவினரே பிடித்துக்கொண்டார்கள். அவர்களை ராஜினாமா செய்யும்படி முதலமைச்சரே சொல்ல வேண்டி வந்தது. தங்கள் கவுன்சிலர்களையே கட்சி கட்டுப்படுத்த முடியாத இடத்தில், ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன நாங்கள் என்ன செய்ய முடியும்?

நேரடித் தேர்தலில் தலைவர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றாகித் தீர்மானங்கள் முடங்கும் என்கிறார்கள். உண்மைதான், முடங்கியிருக்கிறது. அப்புறம், கிராம ஊராட்சியில் மட்டும் அது எப்படிச் சரியாகிறது? அங்கே காசோலையில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும், துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். தகராறு வருகிறது, பட்டியலினத் தலைவர்கள் என்றால் அந்தக் கையெழுத்தை வைத்தே இழுத்தடிப்பதும் நடக்கிறது. அதற்காகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்த மக்களிடமிருந்து யாரும் பறிக்கவில்லையே.

பெண்களுக்கு ஐம்பது விழுக்காடு இடஒதுக்கீடு வந்துவிட்டது, நல்லது. ஆனால் ஊர் முழுக்க நடந்து, தன் பெயருக்கு ஓட்டு வாங்கி வந்த ஒரு பெண், வீட்டுக்காரர் பேசட்டும் என்று கூட்டத்தில் ஒதுங்குவது கடினம். எட்டுப் பேர் தயவில் நாற்காலி கிடைத்தவருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வரும்?

2022-இல் தேர்வான மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த தேர்தலுக்குள் சட்டத்தைத் திருத்தி, பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் நேரடித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அது நடக்காவிட்டால், வார்டில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: தலைவர் பதவிக்கு நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்பதை இப்போதே, தெருவில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.