ஏறியதும் இறங்கச் சொல்கிறார்கள்

பழைய பாணிப் பொழுதுபோக்குப் பூங்கா என்றால் இன்றும் ஆசையோடு போகிறவன் நான். அதனால்தான் எரிச்சலும் அதிகம். கால் கடுக்க வரிசையில் நின்று ராட்சத ராட்டினத்தில் ஏறினால், வேகம் பிடித்து வயிற்றில் அந்தக் கூச்சம் தொடங்கும் நேரத்தில் பிரேக்கைப் போட்டுவிடுகிறார்கள். 1893இல் சிகாகோ கண்காட்சியில் அமெரிக்கப் பொறியாளர் ஃபெர்ரிஸ் நிறுவிய ராட்டினம் 264 அடி உயரம். ஆட்களை ஏற்றுவதற்காக நின்று நின்று ஒரு சுற்று. பிறகு எங்கும் நிற்காமல் முழுதாக இன்னொரு சுற்று. அங்கேயும் கூட்டம் அலைமோதத்தான் செய்தது!

குதிரை ராட்டினத்தில் இன்னும் மோசம். வெளிவரிசைக் குதிரைக்கு ஒரே சுற்றில் தூரம் அதிகம், ஆகவே வேகமும் அதிகம். அதற்காகவே குழந்தைகள் அந்த வரிசைக்கு ஓடுகிறார்கள். பெயின்ட் உரிந்த பிடரியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, பயம் தெளிந்து, சிரிக்கத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிடுகிறது. அழுகிற பிள்ளையை இழுத்து இறக்குவது பெற்றவர்கள் பாடு.

ஒலிபெருக்கியின் கத்தலைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். நேரத்தைத் திருடுவதை மட்டும் பொறுக்க முடியவில்லை. ஒரு சவாரி எத்தனை நிமிடம் என்று டிக்கெட் கொடுக்கும் இடத்தில் எழுதி வைத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?