கன்றிய தோலும் மறைத்த வலியும்

இரத்தம் எளிதில் உறையாத நோயான ஹீமோபிலியா உள்ள குழந்தையை ஏற்கும் வளர்ப்புக் குடும்பத்துக்கு ஊசி போடும் பயிற்சியே போதும் என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களான உறைகாரணிகளில் 8 குறைந்தால் ஏ வகை, 9 குறைந்தால் பி வகை என்பதையும், ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் ஆகிய வலி மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் விரைவில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் குழந்தையின் உடலில் கன்றிய தடங்களைக் கண்டவுடன், அடித்திருப்பார்களோ என்று வளர்ப்பவரை ஐயுறும் பார்வைகளை எதிர்கொள்ள யாரும் கற்றுத் தருவதில்லை. நோயை உறுதிசெய்யும் மருத்துவக் கடிதம் முதல் நாளே கையில் இருக்க வேண்டும்.

மூட்டுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும்போது, வீக்கம் தெரிவதற்கு முன்பே அங்கே குறுகுறுப்போ வெதுவெதுப்போ தோன்றும். அதை முதலில் உணர்வது குழந்தைதான். பல வீடுகள் மாறி, வளர்ப்புக் குடும்பமான எங்களிடம் வந்த, இந்நோயுள்ள சிறுவன், தொந்தரவு என்று திருப்பி அனுப்பிவிடுவோமோ என்று அஞ்சி, ஓர் இரவு முழுவதும் முழங்கால் வலியை அடக்கிக்கொண்டு படுத்திருந்தான். விடிந்தபோது அவனால் காலை நீட்ட முடியவில்லை. (அந்தக் காலைப்பொழுதை நான் இன்னும் மறக்கவில்லை.) தலையில் அடிபட்டால், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும், உறைகாரணியைச் செலுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதால், விழுந்ததை அவன் அச்சமின்றிச் சொல்ல வேண்டியிருந்தது, அந்த நம்பிக்கை வர ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது.