மொத்த பரப்பளவ வச்சு கணக்கு போடாதீங்க

நுவரெலியா டவுன் இன்னும் எத்தன பேர தாங்கும்னு கட்டுரைல மொத்த நிலத்த ஆள் கணக்கால வகுத்து சொல்லியிருக்கீங்க, மலைநாட்டுக்கு அது சரி வராதுங்க. 6000 அடிக்கு மேல இருக்குற ஊரு, செங்குத்து சரிவு, காடு, ஓடைக்கரை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம்னு மேப்ல குறிச்ச எடம் எல்லாத்தையும் கழிச்சிட்டு மிச்சத்துலதான் ஆள எண்ணணும். 2014 அக்டோபர் 29 பதுளை மாவட்டம் கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்துல லயத்தோட (தொழிலாளருங்க இருக்குற வரிசை வீடு) சனம் மண்ணுக்குள்ள போச்சு, அபாயம்னு முந்தியே சொல்லியும் போக வேற எடம் இல்லாம இருந்த சனம் அது.

அடுத்தது தண்ணி. எங்க பக்கம் மார்ச் கடைசில பீலில (மலை ஊத்துத் தண்ணி விழுற குழாய்) தண்ணி நூலாட்டம் வருது, பொம்பளைங்க குடத்த வச்சிட்டு நிக்கிறாங்க, அடுத்த வாரமே ஏப்ரல் சீசன்னு ஹோட்டல் எல்லாம் ஃபுல், பவுசர் பவுசரா (தண்ணி லாரி) தண்ணி போகுது. வந்துட்டு போற ஆளையும் கணக்குல எடுக்கணும்ல? சாப்புடுற அரிசி பொலன்னறுவை பக்கம் இருந்து வருது, நம்ம கரட்டும் லீக்ஸும் கொழும்புக்கு போகுது, அப்ப டவுன் எல்லைக்குள்ள மட்டும் அளந்து என்ன தெரியும்? 1992ல கனடாவுல வில்லியம் ரீஸ்ங்கிற பேராசிரியர் இதத்தான் எழுதினாரு, ஒரு ஊர் வெளிய எவ்வளவு நிலத்துல வாழுதுன்னு பாக்கணும்னு.

ஆனா இதச் சொல்லி தோட்டத்து சனத்துக்கு வீடு கட்ட குடும்பத்துக்கு 7 பேர்ச் குடுக்க நிலம் இல்லன்னு யாரும் சொல்லக் கூடாது. ஒரு ஏக்கர் 160 பேர்ச், ரோட்டுக்கும் தண்ணி ஓடுற கானுக்கும் விட்டாலும் 15 குடும்பம் இருக்கலாம். பராமரிப்பு இல்லாம காடா கெடக்குற தேயில மலைல சரிவு கொறஞ்ச எடத்த அளந்து அதையும் கணக்குல சேருங்க.