ஐந்தாவது பிரிவில் எழுதாத வாக்குறுதி

அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான "நேட்டோவின் கதை முடிந்தது" என்று ஒரு சாரார். "இதுபோல எத்தனை சண்டையைப் பார்த்த கூட்டணி, இதுவும் அடங்கிவிடும்" என்று இன்னொரு சாரார். டிரம்ப் வாய் திறக்கும்போதெல்லாம் இந்த இரண்டு கட்சியும் களத்தில் இறங்கிவிடுகின்றன. ஐரோப்பாவைக் காப்பதாக 1949-இல் அமெரிக்கா சத்தியம் செய்து கொடுத்தது, அது உடைகிறதா நிலைக்கிறதா என்பதுதான் இருவருக்குமே கேள்வி. அப்படி ஒரு சத்தியத்தை அமெரிக்கா செய்யவே இல்லை. வரலாற்றை அங்கிருந்து பார்த்தால்தான் இன்று நடப்பது விளங்கும்.

1949-இன் நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது முதல் பாதியை: ஓர் உறுப்பு நாட்டின் மீதான ஆயுதத் தாக்குதல் அனைவர் மீதுமான தாக்குதலாகக் கருதப்படும். இரண்டாம் பாதியைப் படியுங்கள். ஆயுதப் படையைப் பயன்படுத்துவது உட்பட, 'தான் அவசியம் எனக் கருதும்' நடவடிக்கையை ஒவ்வொரு நாடும் எடுக்கும். என்ன அவசியம் என்று தீர்மானிப்பது அந்தந்த நாடு. 1949 பிப்ரவரியில் இந்த வாசகத்துக்காகப் பெரிய இழுபறி நடந்தது. வரைவில் இருந்த 'ராணுவ' என்ற ஒரு சொல்லை செனட்டர்கள் டாம் கானலியும் ஆர்தர் வாண்டன்பர்க்கும் ஏற்கவில்லை. போர் தொடுக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுடையது, அதை ஓர் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே அடகு வைக்க முடியாது என்பது அவர்கள் வாதம். கடைசியில் 'ஆயுதப் படை உட்பட' என்ற சொற்களைச் சேர்த்ததே ஐரோப்பியர்களுக்குக் கிடைத்த லாபம். போதாததற்கு, இதெல்லாம் அவரவர் அரசியலமைப்பு நடைமுறைப்படியே நிறைவேறும் என்று பதினோராம் பிரிவு பூட்டும் போட்டது.

அதற்கு ஓராண்டு முன், 1948 மார்ச்சில், பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஐந்தும் பிரஸ்ஸல்ஸில் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதில் 'தம்மால் இயன்ற ராணுவ உதவி, பிற உதவி அனைத்தும்' என்று நேராகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 42.7-வது பிரிவும் அப்படித்தான். 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு பிரான்ஸ் அதைக் கையில் எடுத்தது. சொல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் இவை இரண்டும் நேட்டோவைவிடக் கெட்டியானவை. ஆனாலும் இவற்றை நம்பி எந்த ஐரோப்பிய நாடும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

நிம்மதி வந்தது வேறு வழியில். ஒப்பந்தம் செனட் விசாரணைக்கு வந்தபோது, ஐரோப்பாவுக்குப் பெரும் எண்ணிக்கையில் படை அனுப்ப வேண்டியிருக்குமா என்று வெளியுறவு அமைச்சர் டீன் ஆச்சிசனிடம் கேட்டார்கள். தெளிவாக, முழுமையாக 'இல்லை' என்றார். 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்தது. அந்தச் செப்டம்பரிலேயே அதிபர் ட்ரூமன் ஐரோப்பாவுக்குப் படைகளை அனுப்பப்போவதாக அறிவித்தார். காங்கிரசில் மாதக்கணக்கில் சண்டை நடந்து, 1951 ஏப்ரலில் 4 டிவிஷன்களுக்கு (டிவிஷன் என்பது பல்லாயிரம் சிப்பாய்கள் கொண்ட பெரும் படைப்பிரிவு) செனட் சம்மதம் தந்தது. நேட்டோவின் முதல் தலைமைத் தளபதியாகப் போன ஐசன்ஹோவரே, பத்தாண்டுக்குள் அமெரிக்கப் படைகள் எல்லாம் ஊர் திரும்பாவிட்டால் இந்த முயற்சியே தோல்விதான் என்று அந்த ஆண்டு எழுதினார். ஆக, படை அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று அதைத் தொடங்கியவர்களே நினைக்கவில்லை.

ஐரோப்பியர்கள் சொந்தக் காலில் நிற்க ஒரு வாய்ப்பு அப்போதே வந்தது. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆறும் சேர்ந்து ஒரே ராணுவம், ஒரே பட்ஜெட் என்று 1952 மே மாதம் ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. யோசனை பிரான்சுடையது. அதைக் கொன்றதும் பிரான்சின் நாடாளுமன்றம்தான், 1954 ஆகஸ்ட் 30 அன்று. ஜெர்மானியர் மீண்டும் துப்பாக்கி ஏந்துவதை ஒரு பாதியால் சகிக்க முடியவில்லை. பிரெஞ்சு ராணுவம் தனித்தன்மையை இழப்பதை மறுபாதியால் சகிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது. ஜெர்மனிக்கு ஆயுதம் கொடுத்தும் பக்கத்து நாடுகள் பயப்படாமல் இருக்க, நடுவில் ஓர் அமெரிக்கத் தளபதி தேவைப்பட்டார். என் பார்வையில், இன்று ஐரோப்பா படும் பாட்டின் வேர் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2%-ஐ ராணுவத்துக்குச் செலவிட வேண்டும் என்ற நேட்டோ கணக்கில் இல்லை. அந்த ஆகஸ்ட் வாக்கெடுப்பில் இருக்கிறது.

1956-இல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தில் படை இறக்கிய பிரிட்டன், பிரான்ஸ் இரண்டையும், பவுண்டின் கழுத்தைப் பிடித்து வாஷிங்டன் பின்வாங்க வைத்தது. அமெரிக்காவை விட்டு இனி விலகவே கூடாது என்ற பாடம் பிரிட்டனுக்கு. இனி நம்பவே கூடாது என்ற பாடம் பிரான்சுக்கு. அதன் விளைவு இன்றும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இருக்கிறது. பிரான்சின் அணு ஏவுகணை முழுக்க அதன் சொந்தத் தயாரிப்பு. பிரிட்டனின் ட்ரைடென்ட் ஏவுகணைகளோ அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள கிங்ஸ் பே தளத்தின் பொது இருப்பிலிருந்து எடுத்துக்கொள்பவை.

படையைக் குறைக்கச் சொல்வதும் டிரம்ப் கண்டுபிடித்ததல்ல. ஐரோப்பாவிலிருந்த சுமார் 3 லட்சம் அமெரிக்கச் சிப்பாய்களைப் பாதியாக்கச் சொல்லி 1971 மே மாதம் செனட்டர் மைக் மேன்ஸ்ஃபீல்ட் கொண்டுவந்த திருத்தம் 61-36 என்று தோற்றது. வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு, படைக் குறைப்புப் பேச்சுக்குத் தயார் என்று சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் பேசியதுதான் அதன் காலை வாரியது. பேரம் பேசப்போகும் நேரத்தில் சும்மா ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அதிபர் நிக்சன் தரப்பு கேட்டது.

வியட்நாம் போரின் நடுவே ஜெர்மனியிலிருந்து சில படைப்பிரிவுகளைத் திருப்பி அழைத்தார்கள். அந்த இடைவெளியை நிரப்ப உருவானதுதான் 1969-இல் தொடங்கிய 'ரீஃபோர்ஜர்' பயிற்சி. முழுப் பிரிகேடுகளுக்கு (டிவிஷனைவிடச் சிறிய படைப்பிரிவு) வேண்டிய டாங்கி, லாரி எல்லாம் ஈரப்பதம் கட்டுப்படுத்திய கிடங்குகளில் ஐரோப்பாவிலேயே நிற்கும். சிப்பாய்கள் தம் துப்பாக்கியோடு மட்டும் விமானத்தில் வந்திறங்கி, வண்டியை எடுத்து, தமக்கென ஒதுக்கிய இடத்துக்கு ஓட்டிப் போவார்கள். பத்து நாளில் பத்து டிவிஷன் என்பது இலக்கு. மேற்கு ஜெர்மனியின் பாலங்களில் டாங்கி படம் போட்ட மஞ்சள் வட்டப் பலகை இருக்கும். எந்த எடை வகுப்பு வண்டி அதில் ஏறலாம் என்று எண் இருக்கும். டாங்கி உழுதுவிட்டுப் போன வயலுக்கு நஷ்ட ஈடு கொடுக்க அதிகாரிகள் பின்னாலேயே வருவார்கள். அமெரிக்காவின் வாக்குறுதி என்றால் இதுதான். மாஸ்கோ படித்தது ஐந்தாவது பிரிவை அல்ல, இந்தக் கிடங்குகளையும் பலகைகளையும்.

1993-இல் ரீஃபோர்ஜர் நின்றது. கிடங்குகள் காலியாயின. பாலங்களை யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. 2024 செப்டம்பரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கரோலா பாலம் டாங்கி எதுவும் ஏறாமலேயே இடிந்து விழுந்தது. எல்லையில் இன்னொரு சிக்கல்: போலந்தின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், பால்டிக் நாடுகளான எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியாவில் ரஷ்ய அளவான 1,520. ஐரோப்பிய அகலத்தில் பால்டிக் நாடுகளுக்குப் போடப்படும் ரயில் பால்டிகா பாதை முடியும்வரை, ரயிலில் வரும் டாங்கியைப் பெரும்பாலும் எல்லையருகே இறக்கி வேறு ரயிலில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

2011 லிபியாவில் உண்மை வெளியே வந்தது. பலவீனமான ஓர் அரசின் மீது நேட்டோ நடத்திய போர், 11 வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பல கூட்டாளிகளுக்குக் குண்டு தட்டுப்படத் தொடங்கி, அமெரிக்காதான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் பிரஸ்ஸல்ஸில் வைத்தே சொன்னார். உங்களுக்காகச் செலவழிக்கும் விருப்பம் எங்கள் நாட்டில் வற்றிவருகிறது என்றும் எச்சரித்தார். அப்போது ஒபாமா ஆட்சி.

இப்போது 2025-இல் நேட்டோவின் ஹேக் மாநாடு வைத்த இலக்கு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5%: ராணுவத்துக்கு 3.5%, சாலை, பாலம், இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு 1.5%, 2035-க்குள். ஜெர்மனி தன் அரசியலமைப்பையே திருத்தி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1%-ஐத் தாண்டும் பாதுகாப்புச் செலவைக் கடன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. பணம் வந்துவிட்டது. பணம் குண்டாக மாறுவதில்தான் தடை.

உக்ரைனுக்கு ஓராண்டுக்குள் 10 லட்சம் பீரங்கிக் குண்டு தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் சொன்னது. கெடு முடிந்தபோது பாதியளவே கைக்கு வந்திருந்தது. ஒரு 155 மில்லிமீட்டர் குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 45 கிலோ. எஃகுக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி, அழுத்தி நீட்டி, கடைந்து கூடு செய்ய வேண்டும். டிஎன்டி வெடிமருந்தை 80 டிகிரிக்கு மேல் உருக்கி அதற்குள் ஊற்ற வேண்டும். மெதுவாக ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்றுக் குழி விழும், பீரங்கிக் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும் ஆபத்து. அதனால் எக்ஸ்ரே சோதனை உண்டு. அந்த டிஎன்டியைப் பெரிய அளவில் தயாரிக்க ஐரோப்பிய ஒன்றியத்தில் போலந்தின் பிட்கோஷ் நகர ஆலை ஒன்றுதான் இருந்தது. குண்டைத் தள்ளும் உந்துமருந்துக்கு நைட்ரோசெல்லுலோஸ் வேண்டும். அது பருத்திக்கொட்டையில் ஒட்டி நிற்கும் குட்டைப் பஞ்சிலிருந்து வருகிறது, பெரும்பகுதி சீனாவிலிருந்து. பட்ஜெட்டை ஒரே இரவில் இரட்டிப்பாக்கலாம். டிஎன்டி ஆலைக்கு அனுமதி வாங்கி, கட்டி, ஆள் பழக்க ஆண்டுகள் பிடிக்கும்.

இதைவிடக் கடினமானது கண்ணுக்குத் தெரியாத பகுதி: வானில் எரிபொருள் நிரப்பும் விமானங்கள், உளவுச் செயற்கைக்கோள்கள், எதிரியின் வான்பாதுகாப்பை அடக்கும் படை, இவற்றையெல்லாம் சேர்த்து இயக்கும் தலைமையகம். ஐரோப்பாவிடம் போர் விமானங்களுக்குக் குறைவில்லை. அவை வெகுதூரம் போய்த் தாக்கித் திரும்ப வேண்டுமானால் நடுவில் அமெரிக்காவின் கை வேண்டும். 1951 முதல் இன்றுவரை நேட்டோவின் தலைமைத் தளபதி அமெரிக்கரே. 2025 மார்ச்சில் உக்ரைனுக்கான உளவுத் தகவலை வாஷிங்டன் ஒரு வாரம் போல நிறுத்தி வைத்தது. அந்த ஒரு வாரம், முப்பது ஆண்டுக் கருத்தரங்குகள் கற்றுத்தராததை ஐரோப்பியத் தலைநகரங்களுக்குக் கற்றுத்தந்தது.

அதனால் அதிபர் பேச்சைவிட வேறு சிலவற்றைப் பின்தொடருங்கள் என்பேன். தொடக்கத்தில் சொன்ன இரு சாராரும் கேட்கும் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதலோ காங்கிரஸ் சட்டமோ இல்லாமல் அதிபர் நேட்டோவிலிருந்து விலகக் கூடாது என்று 2023 டிசம்பரில் சட்டம் வந்தது. ஆனால் விலகாமலே படையைத் திருப்பி அழைக்கலாம். அதனால்தான் 2025 டிசம்பரின் பாதுகாப்புச் சட்டம், ஐரோப்பாவில் 76,000 சிப்பாய்களுக்குக் கீழே நெடுநாள் போவதற்கும் நிபந்தனை போட்டது. எண்ணிக்கையைப் பிடித்தார்கள் பாருங்கள், அங்கேதான் காங்கிரசுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

பின்தொடர வேண்டிய இன்னொன்று லிதுவேனியா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதல் முறையாக ஜெர்மனி வெளிநாட்டில் நிரந்தரமாக ஒரு பிரிகேடை நிறுத்துகிறது. 2027-க்குள் 4,800 சிப்பாய்கள், சுமார் 200 சிவில் ஊழியர்கள். பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் வட்டாரத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் மனைவி மக்களோடு குடியிருந்தார்கள். தன் குழந்தைகள் பள்ளிக்குப் போகும் ஊரைக் கைவிட்டு எந்த அரசும் போகாது என்று இரண்டு பக்கமும் அறிந்திருந்தன. பெர்லின் அதைத்தான் இப்போது செய்து பார்க்கிறது. டாங்கிகளுக்குக் கொட்டகை எழும்புவதோடு, லிதுவேனிய நகரங்களான வில்னியஸிலும் கௌனஸிலும் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு ஜெர்மன் பள்ளிகளும் திட்டத்தில் இருக்கின்றன. அந்த வகுப்புகளில் எத்தனை குழந்தைகள் சேர்கிறார்கள் என்று பாருங்கள்.